பயிற்சியாளரை மாற்றுவதா, பொறுப்பதா? கால்பந்து கிளப்பின் நிலைத்தன்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்றால் எந்தக் கிளப்பிலும் முதலில் ஆட்டம் காண்பது பயிற்சியாளரின் நாற்காலிதான். ‘தூக்குங்கள்’ என்று ஒரு கூட்டம், ‘நேரம் கொடுங்கள்’ என்று இன்னொரு கூட்டம். இந்தச் சண்டையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய லீக்குகளிலிருந்து வருகின்றன. இரண்டு தரப்புக்கும் தேவையான சாட்சி அங்கேதான் குவிந்து கிடக்கிறது.

நிலைத்தன்மை என்றால் ஒரே பயிற்சியாளர் பல வருடம் இருப்பதுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கிளப் எந்த மாதிரி ஆட்டம் ஆட வேண்டும், அதற்கு எப்படிப்பட்ட ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும், எவ்வளவு செலவழிக்கலாம், இதையெல்லாம் யார் முடிவு செய்வது என்ற விஷயங்கள் சீசனுக்குச் சீசன் தலைகீழாக மாறாமல் இருந்தால் அந்தக் கிளப் நிலையாக இருக்கிறது என்று சொல்லலாம். பயிற்சியாளர் அதில் ஒரு பகுதி. பெரிய பகுதிதான், ஆனாலும் பகுதிதான். ஒரே ஆள் நீண்ட காலம் இருந்து கடைசியில் தேங்கிப்போன கிளப் உண்டு. நாலு பேர் மாறியும் பாதை மாறாத கிளப் உண்டு. இரண்டு வகையும் கீழே வரும்.

என்னைக் கேட்டால் ஒரு சோதனை போதும். ‘இவரை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?’ என்று நிர்வாகத்தைக் கேட்டால், போன வாரத்து ஸ்கோரைத் தாண்டி அவர்களால் ஒரு காரணம் சொல்ல முடிகிறதா? சொல்ல முடியாவிட்டால் அவர்கள் பொறுமையாக இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். முடிவெடுக்கத் தயங்குகிறார்கள், அவ்வளவுதான்.

ஃபெர்குசனுக்குப் பொறுமை காட்டியதால்தானே மான்செஸ்டர் யுனைடெட் அத்தனை கோப்பை வென்றது?

இந்த விவாதத்தில் எல்லோரும் முதலில் எடுத்துப் போடும் துருப்புச் சீட்டு இது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

அலெக்ஸ் ஃபெர்குசன் 1986 நவம்பரில் பொறுப்பேற்றார். முதல் சீசனில் லீக்கில் 11வது இடம். அடுத்த சீசனில் 2வது. பிறகு மீண்டும் 11வது. 1989-90 சீசனில் 13வது. அந்த சீசன் செப்டம்பரில் பக்கத்து அணியான மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 என்று உதை வாங்கியது யுனைடெட். ‘மூன்று வருடமாகச் சாக்குப்போக்குதான்’ என்ற பொருளில் மைதானத்தில் ஒரு பேனரே ஏறியது. 1990 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பை (தோற்றால் வெளியேற வேண்டிய இங்கிலாந்துப் போட்டி) மூன்றாம் சுற்று, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மைதானத்தில். தோற்றால் ஆள் காலி என்றுதான் பத்திரிகைகள் எழுதின. மார்க் ராபின்ஸ் தலையால் முட்டிய ஒரே கோலில் யுனைடெட் தப்பியது. அந்த வருடமே கோப்பையையும் வென்றது. லீக் பட்டம் வந்தது 1992-93இல். 2013இல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 13 லீக் பட்டங்கள், ஐரோப்பாவின் உச்சக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் 2 கோப்பைகள்.

‘பார்த்தீர்களா, காத்திருந்தார்கள், கிடைத்தது’ என்று கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ஆனால் எதை நம்பிக் காத்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வந்த புதிதிலேயே அவர் இளைஞர் அணிக்கான தேடல் வலையை அகலமாக விரித்தார். ரயன் கிக்ஸ் தன் 14வது பிறந்த நாளன்று, 1987 நவம்பரில், கிளப்பில் சேர்க்கப்பட்டார். முதல் அணி தடுமாறிக்கொண்டிருந்த அதே வருடங்களில் அடியில் ஒரு தலைமுறை உருவாகிக்கொண்டிருந்தது. 1992இல் இளைஞர் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியில் கிக்ஸ், பெக்கம், பட், கேரி நெவில் எல்லோரும் இருந்தார்கள். அந்த ஃபாரஸ்ட் ஆட்டத்தில் தோற்றிருந்தாலும் அவரை நீக்கியிருக்க மாட்டோம் என்று அப்போதைய தலைவர் மார்ட்டின் எட்வர்ட்ஸ் பின்னாளில் சொன்னார். பின்னாளில் சொல்வது எளிது என்று யாராவது முணுமுணுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் புள்ளிப்பட்டியலில் தெரியாத ஏதோ ஒன்று நிர்வாகத்தின் கண்ணில் பட்டிருந்தது என்பதை மறுக்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாலு வருடம் பொறுத்தும் ஒன்றும் தேறாத பயிற்சியாளர்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஃபெர்குசன் ஒருவர். அவரை உதாரணம் காட்டிக் காப்பாற்றப்பட்டவர்கள் பல பேர்.

புதிய பயிற்சியாளர் வந்ததும் அணி ஜெயிக்கிறதே, அது எப்படி?

பெரும்பாலும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

ஒரு கிளப் எப்போது ஆளை நீக்குகிறது? அதன் உண்மையான தரத்துக்கும் கீழே முடிவுகள் விழுந்து கிடக்கும்போது. கம்பத்தில் பட்ட பந்து, காயமடைந்த இரண்டு டிஃபெண்டர்கள், வரிசையாகப் பெரிய அணிகளோடு ஆட்டம் என்று எல்லாம் சேர்ந்து அடித்த நேரம் அது. காயம் ஆறும், எதிரணிகள் மாறும், பந்து கம்பத்துக்கு உள்ளேயும் விழத் தொடங்கும். ஆளை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் முடிவுகள் ஓரளவு மேலே வரத்தான் செய்யும். நெதர்லாந்து முதல் பிரிவின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. அதே மாதிரி சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகள், மாற்றிய அணிகளைப் போலவே மீண்டு வந்திருந்தன.

கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் 2022 ஏப்ரலில் பர்ன்லி. ஷான் டைச் ஒன்பதரை வருடம் நடத்திய அணி. லீக்கில் 8 ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போது அவரை அனுப்பிவிட்டு இளைஞர் அணிப் பயிற்சியாளர் மைக் ஜாக்சனை நிறுத்தினார்கள். முதல் ஆட்டம் வெஸ்ட் ஹாமோடு 1-1. பிறகு சவுத்தாம்ப்டன், வுல்வ்ஸ், வாட்ஃபோர்ட் என்று வரிசையாக மூன்று வெற்றி. நாலு ஆட்டத்தில் 10 புள்ளி! ‘முன்பே தூக்கியிருக்க வேண்டும்’ என்று எல்லோரும் எழுதினார்கள். அடுத்த நாலு ஆட்டத்தில் வந்தது ஒரே ஒரு புள்ளி. கடைசி நாளில் நியூகாசிலிடம் தோற்று, பர்ன்லி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

அதற்காக எல்லா மாற்றமும் வெறும் மாயை என்று சொல்ல மாட்டேன். 2016இல் லெஸ்டருக்கு 5000-க்கு-1 என்ற பந்தய விகிதத்தில் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த கிளாடியோ ரனியேரியை, ஒன்பது மாதம் கழித்து, 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். அணி அப்போது 17வது இடத்தில், தரமிறக்கக் கோட்டுக்கு (அதற்குக் கீழே முடிக்கும் அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும்) ஒரு புள்ளி மேலே இருந்தது. உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் வந்ததும் லீக்கில் தொடர்ந்து ஐந்து வெற்றி. 12வது இடத்தில் சீசன் முடிந்தது. நன்றிகெட்டதனம் என்று உலகமே திட்டியது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த வீரர்கள் அந்த மனிதருக்காக ஓடுவதை நிறுத்திவிட்டார்கள் என்பது அடுத்த ஆட்டத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. கதை அதோடும் முடியவில்லை. அதே ஷேக்ஸ்பியரை அதே வருடம் அக்டோபரில் நீக்கினார்கள்.

அடிக்கடி மாற்றினால் உள்ளே உண்மையில் என்னதான் கெடுகிறது?

வெளியே தெரிவதைவிட நிறைய.

ஒரு கார்னர் கிக்கை எடுத்துக்கொள்வோம். பழைய பயிற்சியாளர் ஆளுக்கு ஆள் காவல் போடச் சொன்னவர். சென்டர்-பேக்குக்கு (நடுத் தடுப்பாளருக்கு) ஒரே வேலை, எதிரணியில் உயரமானவனை விடாமல் ஒட்டிக்கொண்டே போவது. புதியவர் வந்து பகுதிக் காவலுக்கு மாற்றுகிறார். இப்போது அதே சென்டர்-பேக் ஆறு கஜக் கோட்டில் தனக்குரிய இடத்தில் நிற்க வேண்டும், ஆளைப் பார்க்காமல் பந்தைப் பார்க்க வேண்டும். சொல்வதற்கு இரண்டு நிமிடம். ஆனால் பந்து காற்றில் இருக்கும் அந்த ஒன்றரை நொடியில் கால் பழைய பழக்கத்துக்கே போகும். ஆளைத் துரத்திக்கொண்டு நகர்ந்துவிடுவான், அவன் விட்ட இடத்தில் இன்னொருவன் வந்து முட்டுவான். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் இருக்கும் சீசன் நடுவில், ஓய்வும் பயணமும் போக, இதைப் பழக்க உருப்படியான பயிற்சி நேரம் கிடைப்பதே அபூர்வம். கார்னர் ஒன்றுக்கே இந்தப் பாடு. எங்கே பிரஸ் செய்வது (பந்து வைத்திருப்பவனை நெருக்குவது), பந்து பறிபோனதும் யார் முதலில் ஓடுவது, கோல்கீப்பர் யாரிடம் பந்தைக் கொடுப்பது என்று ஒவ்வொன்றையும் இப்படி அழித்து எழுத வேண்டியிருக்கும்.

அடுத்தது ஆட்டக்காரர்களை வாங்குவது. மூன்று சென்டர்-பேக் வைத்து ஆடுபவருக்காக இரண்டு விங்-பேக் (ஓரத்தில் தடுப்பும் தாக்குதலும் சேர்த்துச் செய்பவர்கள்) வாங்கியாகிவிட்டது, நாலு வருட ஒப்பந்தத்தில். ஒரே வருடத்தில் அவர் போய்விட்டார். வந்தவருக்கு நாலு பேர் கொண்ட தடுப்பும் அகலமாக ஆடும் விங்கர்களும்தான் பிடிக்கும். அந்த இரண்டு பேரும் இனி சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவார்கள், அல்லது வாங்கிய விலையில் பாதிக்குப் போவார்கள். இப்படி மூன்று பயிற்சியாளர்கள் மாறினால் டிரஸ்ஸிங் ரூமில் மூன்று வெவ்வேறு அணிகளின் மிச்சம்மீதி உட்கார்ந்திருக்கும். நாலாவதாக வருபவர் அதிலிருந்து பதினொரு பேரைத் தேற்ற வேண்டும். தேற்ற முடியாதபோது பழி அவர் தலையில்.

மூன்றாவது, அகாடமி, அதாவது கிளப்பின் இளைஞர் பயிற்சிப் பள்ளி. மூன்று மாதத்தில் முடிவு காட்டாவிட்டால் வேலை போகும் என்று தெரிந்த மனிதர் பதினெட்டு வயதுப் பையனை ஏன் இறக்கப் போகிறார்? அந்தப் பையன் இரண்டு வருடத்தில் தேறினால் பலன் அடுத்தவருக்கு. இன்று தவறு செய்தால் தண்டனை இவருக்கு. அனுபவசாலியை வாங்கித் தா என்றுதான் கேட்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

வீரர்களின் மனநிலை பற்றிப் பலரும் பேசுவதில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் இவரும் போய்விடுவார் என்று வீரர்களுக்குத் தெரிந்துவிட்டால் அவர் சொல்லில் எடை இருக்காது. பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவன் தன் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள மாட்டான். காத்திருப்பான்.

செல்சி மாற்றி மாற்றியே எல்லாவற்றையும் வென்றதே?

வென்றது, மறுக்க முடியாது. ரோமன் அப்ரமோவிச் உரிமையாளராக இருந்த 2003 முதல் 2022 வரை 5 லீக் பட்டங்கள், 2 சாம்பியன்ஸ் லீக். 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை நீக்கி, உதவியாளர் டி மத்தேயோவை நிறுத்தினார்கள். மே மாதம் மியூனிக்கில் பயர்னை அவர்கள் மைதானத்திலேயே பெனால்டியில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார் அவர். நவம்பரில் அவரும் காலி. 2021 ஜனவரியில் 9வது இடத்தில் இருந்தபோது லம்பார்டுக்குப் பதில் டூகல். நாலு மாதத்தில் மறுபடி சாம்பியன்ஸ் லீக்.

ஆனால் அந்த அணியின் முதுகெலும்பு எது என்று பாருங்கள். செக், டெரி, லம்பார்ட், ட்ரோக்பா. மொரீன்யோ காலத்தில் ஒன்றுசேர்ந்த இந்த நால்வர் அவருக்குப் பின் வந்த பலரையும் வழியனுப்பி வைத்துவிட்டு 2012 இறுதியாட்டத்தில் நின்றார்கள். (தடையால் டெரி அன்று ஆடவில்லை, கடைசியில் முழு உடையோடு வந்து கோப்பையைத் தூக்கினார், அது தனிக் கதை.) பயிற்சியாளர் நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும் டிரஸ்ஸிங் ரூமில் அதிகாரம் கைமாறவில்லை. அதோடு, தவறான ஆளை வாங்கினால் அடுத்த சீசனே சரியான ஆளை வாங்கும் பணம் இருந்தது. இந்த இரண்டும் இல்லாத கிளப் செல்சியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வாட்ஃபோர்ட் சாட்சி. 2014-15இல் ஒரே சீசனில் நாலு பேர் மாறியும் மேலே ஏறினார்கள், உண்மைதான். ஆனால் 2019-20இல் மூன்று பேரைப் பார்த்து இறங்கினார்கள், திரும்ப ஏறி 2021-22இல் இன்னொரு மூன்று பேரைப் பார்த்து மறுபடி இறங்கினார்கள்.

ரியல் மாட்ரிட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். 2003இல் லீக் பட்டம் வென்ற மறுநாளே வீசென்டே டெல் போஸ்கேவை விட்டுவிட்டார்கள். இரண்டு சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தவர். அடுத்த லீக் பட்டத்துக்கு 2007 வரை, ஆறாவது ஆளாக வந்த கப்பெல்லோ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரையும் பட்டம் வென்ற கையோடு நீக்கினார்கள். பணமும் நட்சத்திரங்களும் கொட்டிக் கிடந்த இடத்திலேயே இந்தக் கதை.

தரமிறக்கப்பட்ட பிறகும் அதே பயிற்சியாளரை வைத்துக்கொள்வது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் கிளப்பிடம் கேட்டால் சிரிப்பார்கள். ஃபோல்கர் ஃபிங்கே 1991 முதல் 2007 வரை, 16 வருடம். இடையில் மூன்று முறை இறங்கினார்கள். பின்னாளில், பல வருடம் கிளப்பின் இளைஞர்களைப் பயிற்றுவித்த கிறிஸ்டியன் ஷ்ட்ரைஷ் 2011 டிசம்பரில் வந்தார். 2015இல் அவரோடும் இறங்கினார்கள். யாரும் அவரை விரட்டவில்லை. மறுவருடம் இரண்டாம் பிரிவை வென்று திரும்பினார்கள், 2022இல் ஜெர்மன் கோப்பை இறுதி வரை போனார்கள். 2024இல் அவராகவே விலகியபோது அவருடைய இடத்துக்கு வந்தவர் முன்னாள் கேப்டன் யூலியான் ஷூஸ்டர்.

இது கருணை இல்லை, கணக்கு. ஃப்ரைபுர்க் மாதிரிச் சின்னக் கிளப், தான் வளர்த்த ஆட்டக்காரர்களைப் பெரிய கிளப்களிடம் விற்றுத்தான் வாழ முடியும். விற்ற வருடம் அணி பலவீனமாகும், சில சமயம் இறங்கும். அதைத் தெரிந்தே திட்டம் போடுகிறவர்கள் இறங்கியதற்காகப் பயிற்சியாளரைப் பலி கொடுக்க மாட்டார்கள். பர்ன்லியும் 2015இல் டைச்சோடு இறங்கி, 2016இல் அவரோடே சாம்பியனாகத் திரும்பி, 2018இல் 7வது இடம் வரை போனது. ஜெர்மனியின் ஹைடன்ஹைம் இன்னும் ஒரு படி மேல். ஃப்ராங்க் ஷ்மிட் 2007இல் நாலாம் பிரிவில் பொறுப்பேற்று, 2023இல் அதே கிளப்பை முதல் பிரிவுக்குக் கொண்டுவந்தார்.

அப்படியானால் ஆள் மாறியும் நிலையாக இருக்கும் கிளப் எது?

பிரைட்டன். 2022 செப்டம்பரில் கிரஹாம் பாட்டரையும் அவருடைய உதவியாளர்களையும் சேர்த்துச் செல்சி தூக்கிக்கொண்டு போனது. சாதாரணமாக ஒரு சீசனே நாசமாகும் அடி அது. பிரைட்டன் சில நாட்களில் ரொபர்ட்டோ டி செர்பியைக் கொண்டுவந்தது. சீசன் முடிவில் 6வது இடம், கிளப் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி. டி செர்பி 2024இல் போனதும் 31 வயது ஃபாபியன் ஹ்யூர்செலர் வந்தார். யாரை வாங்குவது, எப்படிப்பட்ட பயிற்சியாளரைக் கூப்பிடுவது என்ற வேலை உரிமையாளர் டோனி ப்ளூம் கட்டிய அமைப்பிடம் இருக்கிறது, பயிற்சியாளர் பையில் இல்லை.

பாட்டருக்கு என்ன ஆயிற்று? அதே மனிதர், அதே உதவியாளர்கள். புதிய உரிமையாளர்கள் இரண்டு டிரான்ஸ்ஃபர் காலத்தில் வாங்கிக் குவித்த ஆட்டக்காரர்களால் நிரம்பி வழிந்த செல்சியில் ஏழு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த சீசனைச் செல்சி 12வது இடத்தில் முடித்தது. பயிற்சியாளரின் திறமை எவ்வளவு, கிளப்பின் அமைப்பு எவ்வளவு என்று வாதிடுகிறவர்கள் இந்த ஒரு சீசனைத் திரும்பப் பார்த்தால் போதும்.

ஸ்பெயினின் செவில்லாவும் இதே ரகம்தான். ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் பொறுப்பிலிருந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் மோன்சி 2000 முதல் 2017 வரை, பிறகு 2019 முதல் 2023 வரை. 2006 தொடங்கி 2023 வரை 7 யூஃபா / யூரோப்பா கோப்பைகளை (சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டி) நாலு வெவ்வேறு பயிற்சியாளர்கள் வென்று கொடுத்தார்கள். கடைசியாக வென்ற மென்டிலிபார் அந்த சீசனின் மூன்றாவது ஆள்! லீக்கில் அந்த வருடம் அணி பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இதை முன்மாதிரி என்று சொல்ல மாட்டார்கள், அது வேறு.

நீக்குவதற்கு எவ்வளவு செலவாகும்?

பெரிய கிளப்பென்றால் ஒரு நல்ல ஆட்டக்காரரின் விலை. 2018இல் அந்தோனியோ கோன்டேவையும் அவர் குழுவையும் அனுப்பிய வகையில் செல்சியின் கணக்கில் 2.66 கோடி பவுண்டு ஏறியது. 2024 ஜூலையில் எரிக் டென் ஹாகின் ஒப்பந்தத்தை நீட்டித்த யுனைடெட், அக்டோபரில் அவரை நீக்கியது. அவருக்கும் அவர் குழுவுக்குமான செலவு 1.04 கோடி பவுண்டு. மூன்று மாதத்துக்கு முன் நம்பியவரை மூன்று மாதத்தில் நம்பாமல் போனதற்கு, இடையில் நடந்த ஆட்டங்கள் மட்டும் காரணமாக இருக்க முடியாது. கோடையிலேயே நம்பிக்கை அரைகுறையாகத்தான் இருந்திருக்கிறது.

நீண்ட ஒப்பந்தம் போட்டால் நிலைத்தன்மை வந்துவிடும் என்பதும் நடக்காத காரியம். 2012இல் நியூகாசில் ஆலன் பார்ட்யூவுக்கு எட்டு வருட ஒப்பந்தம் கொடுத்தது. இரண்டே வருடத்தில் அவர் கிளம்பிவிட்டார்.

ஒரே ஆள் அளவுக்கு மீறி நீடிப்பதில் ஆபத்து இல்லையா?

உண்டு, அதுவும் பெரிய ஆபத்து. ஃபாரஸ்டை இரண்டாம் பிரிவிலிருந்து தூக்கி, 1978இல் லீக், 1979, 1980இல் ஐரோப்பியக் கோப்பை (சாம்பியன்ஸ் லீக்கின் பழைய பெயர்) என்று வாங்கிக் கொடுத்த பிரையன் க்ளஃபின் கடைசி சீசன், 1993இல் அணி கடைசி இடத்தில் இறங்கியதோடு முடிந்தது. ஆர்சென் வெங்கர் 1996 முதல் 2018 வரை ஆர்சனலில் இருந்தார். 2003-04இல் ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றவர். அவருடைய கடைசி இரண்டு சீசன்களில் 5வது, 6வது இடம். அவரிடம் ‘போதும்’ என்று சொல்லும் தெம்பு யாருக்கும் இல்லை, அவருக்கு மேலே சொல்லக்கூடிய ஆளும் இல்லை.

அதைவிட மோசம், அவர் போகும் நாள். கிளப்பின் அறிவு முழுக்க ஒரு தலைக்குள் இருந்தால் அந்தத் தலையோடு அதுவும் போய்விடும். 2013இல் ஃபெர்குசன் விலகியபோது தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் கூடவே விலகினார். ஆறு வருட ஒப்பந்தத்தில் வந்த டேவிட் மோயஸ் பழைய உதவிப் பயிற்சியாளர்களையும் மாற்றினார். மூன்று தூணும் ஒரே கோடையில் போயின. மோயஸ் பத்து மாதம் தாங்கினார்.

இதற்கு நேர்மாறு 1974இன் லிவர்பூல். பில் ஷாங்க்லி எல்லோரையும் அதிர வைத்து விலகினார். அவருக்குக் கீழே வருடக்கணக்கில் இருந்த பாப் பெய்ஸ்லி அந்த இடத்துக்கு வந்தார். ஒன்பது சீசனில் 6 லீக் பட்டங்கள், 3 ஐரோப்பியக் கோப்பைகள். அவருக்குப் பின் இன்னொரு உதவியாளர் ஜோ ஃபேகன், முதல் சீசனிலேயே மூன்று கோப்பைகள். பூட்ஸ் வைக்கும் அந்தச் சின்ன அறையில் தேநீரோடு உட்கார்ந்து பேசிய குழு கலையாமல் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் ‘உள்ளூர் ஆளைப் போடுங்கள்’ என்று முன்னாள் நட்சத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும் கிளப்களைப் பார்த்தால் சலிப்புதான் வருகிறது. முன்பு அங்கே ஆடியவர் என்பது வேறு, அங்கே வேலை கற்றவர் என்பது வேறு.

சரி, எப்போது நீக்குவதுதான் நியாயம்?

தோல்விகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் முடிவெடுக்க மாட்டேன். அணி உருவாக்கும் கோல் வாய்ப்புகளையும் எதிரணிக்குக் கொடுக்கும் வாய்ப்புகளையும் பார்ப்பேன். வாய்ப்புகள் வருகின்றன, கோல்தான் விழவில்லை என்றால் பொறுக்கலாம். இரண்டும் பல மாதமாகக் கெட்டுக்கொண்டே வந்தால் அது துரதிர்ஷ்டம் இல்லை. அப்புறம், ஒரு கோல் வாங்கிய பிறகு வரும் பத்து நிமிடம். அணி முன்னேறிப் போகிறதா, கைகளை விரித்து ஒருவரையொருவர் திட்டுகிறதா? பந்தை இழந்தவன் திரும்பி ஓடுகிறானா, நடக்கிறானா? இதைக் கண்டுபிடிக்கப் புள்ளிவிவரம் வேண்டாம், மைதானத்தில் பந்தை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்தால் போதும்.

அணியில் தரம் இருந்தும் தவறாகப் பயன்படுத்தப்பட்டால் மாற்றம் பலன் தரும். 2019 நவம்பரில் ஃப்ராங்க்ஃபுர்ட்டிடம் 5-1 என்று தோற்றதும் பயர்ன் கோவாச்சை அனுப்பிவிட்டு உதவியாளர் ஹான்சி ஃப்ளிக்கை நிறுத்தியது. அந்த சீசனே லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றும். அங்கே ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே உலகத் தரம். தரமே இல்லாத அணியில் ஆளை மாற்றினால் பழி சுமக்கும் தோள்தான் மாறும்.

நேரமும் முக்கியம். மே மாதமே சந்தேகம் இருந்தால் மே மாதமே செய்துவிடுங்கள். கோடை முழுக்க அவர் கேட்ட ஆட்டக்காரர்களை வாங்கிக் கொடுத்து, அக்டோபரில் விரட்டுவதுதான் இருப்பதிலேயே செலவு கூடிய முட்டாள்தனம்.

விதி போட்டுத் தடுக்க முடியாதா?

பிரேசில் முயன்றது. 2021 முதல் பிரிவில் ஒரு கிளப் சீசனில் ஒரு பயிற்சியாளரைத்தான் நீக்கலாம் என்று கட்டுப்பாடு வந்தது. கிளப்கள் ‘பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம்’ என்று அறிவித்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தன. அடுத்த வருடம் விதியே போய்விட்டது.

ரசிகர்கள் கூச்சல் போட்டால் நிர்வாகம் என்ன செய்யும்?

கூச்சலுக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். காசு கொடுத்து, மழையில் நின்று பார்க்கிறவர்கள் அவர்கள். ஆனால் திட்டம் என்ன என்று நிர்வாகம் முன்கூட்டியே சொல்லியிருந்தால் கூச்சல் குறைகிறது. மிக்கேல் அர்டேட்டா 2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு வந்தார். 2020இல் எஃப்.ஏ. கோப்பை கிடைத்தது, லீக்கில் தொடர்ந்து இரண்டு முறை 8வது இடம். ‘வெளியேறு’ என்ற குரல் அப்போது பலமாகவே கேட்டது. வயதான, சம்பளம் அதிகமான ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டு இளைஞர்களைச் சேர்க்கிறோம் என்பது வெளிப்படையாகத் தெரிந்ததால் நிர்வாகத்தால் தாங்கி நிற்க முடிந்தது. பிறகு 5வது, அதன் பிறகு தொடர்ந்து மூன்று முறை 2வது. மூன்று முறை இரண்டாம் இடம் போதுமா என்ற கூச்சல் அடுத்து கிளம்பியது. அது நல்ல கூச்சல்.

எங்கள் கிளப்பில் இப்போதுதான் புதியவர் வந்திருக்கிறார். எப்போது எடைபோடலாம்?

முதல் ஐந்தாறு ஆட்டங்களை மறந்துவிடுங்கள், நல்லதானாலும் கெட்டதானாலும். அவர் முழுதாக ஒரு கோடைப் பயிற்சி முகாம் நடத்தி, தான் கேட்ட இரண்டு மூன்று ஆட்டக்காரர்களாவது கைக்கு வந்த பிறகு வரும் அக்டோபர், நவம்பரில் பாருங்கள். யுர்கன் க்ளாப் 2015 அக்டோபரில் லிவர்பூலுக்கு வந்தார், முதல் கோப்பை 2019 ஜூனில்தான் வந்தது. ஆனால் அணி எந்தப் பக்கம் போகிறது என்பது முதல் வருடத்திலேயே தெரிந்தது. உங்கள் அணியில் அது தெரியாவிட்டால் இன்னொரு ஆறு மாதம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் எது மாற வேண்டும் என்பதை நிர்வாகம் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.